ஓய்வுபெறாத மூக்கு

எட்டு வருசம் வெடிமருந்து மோந்தவன்
இப்போது என் வீட்டில்
பழைய சேலைமேல் படுத்திருக்கிறான்.
ஆயுதப்படை மைதானத்தில் ஒரு மாலை, ஒரு சல்யூட்,
இரண்டு இடத்தில் என் கையெழுத்து.
பெயர் டாங்கோ.
படை எண்ணை அடித்துவிட்டார்கள்.

தெரு நாய்களுக்குத் தீபாவளி என்றால் சத்தம்.
லாரிக்கு அடியில், சாக்கடைப் பாலத்துக்கு அடியில்
வாலைச் சுருட்டிக்கொண்டு நடுக்கம்.
இவனுக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை,
சுடுதளத்தில் காது மடக்காமல் நின்றவன்.
இவனுக்கு வாசம்தான்.

கண்டுபிடித்தால் குரைக்கக்கூடாது, பறிக்கக்கூடாது.
உட்கார வேண்டும்.
உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும்.
நான் தலையசைத்தால் பச்சைப் பந்து.
எங்களுக்குள் இருந்த பாஷை அவ்வளவுதான்.
பழக்க ஆறு மாதம் ஆனது.
மறக்கடிக்க எந்த முகாமும் நடத்துவதில்லை.

போன திங்கள்
சமாதானபுரம் விலக்கில் பட்டாசுக் கடை போட்டிருந்தார்கள்.
முப்பதடிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான்.
‘எக்கா, நாய்க்குக் காலு வலிக்கோ?’
‘இல்லடே, ஒங்கடையில வெடி இருக்குன்னு சொல்லுதான்.’
கடைப்பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.
டாங்கோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
என் பையில் அன்று பந்து இல்லை.

நேற்றிரவு
மேலப்பாளையம் டாக்டர் மைதீன் கொடுத்த அரை மாத்திரை
தயிர்ச்சோற்றுக்குள் போயிற்று.
சன்னல் இடுக்கில் ஈரத்துண்டு, வாசலில் ஈரச்சாக்கு,
கழுத்துப்பட்டையில் என் போன் நம்பர்,
புறவாசலுக்குப் பூட்டு, ஃபேன் ஐந்தில்.
பக்கத்து வீட்டு ஜெபக்கனியிடம்கூடச் சொல்லிவைத்தேன்,
சரவெடியைக் கொஞ்சம் தெருக்கோடியில் வச்சிக்கிடுங்க என்று.
அவள் மகன் வந்து,
‘புஸ்வாணம் போடலாமா?’ என்று
கதவிடுக்கில் ரகசியமாய்க் கேட்டுப் போனான்.

நாலு மணிக்கு முதல் சரம்.
எழுந்தான். வாசலில் உட்கார்ந்தான்.
தலையசைத்தேன். பந்து.
சன்னலடியில் உட்கார்ந்தான். பந்து.
அடுப்படித் தண்ணிக்குழாய் ஓட்டையில்,
என் மகன் கழற்றிப்போட்ட டவுசர் பையில்,
குளியலறை வாசலில், பிறகு மறுபடி வாசலில்.
பந்தைக் கவ்வக்கூட நேரமில்லை அவனுக்கு.
பாளை முழுக்க, கொக்கிரகுளம் முழுக்க,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுன் முழுக்க வெடி.
இருப்பது ஒரு மூக்கு.
நாக்குத் தொங்கி, விலா அடித்துக்கொண்டு
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.

எட்டு வருசத்தில் நிசமாய் அவன் உட்கார்ந்தது
இரண்டே தடவை.
ஒன்று, கல்குவாரிக்குப் போக வேண்டிய பெட்டி.
இன்னொன்று, கல்யாண மண்டபத்தில்
மாப்பிள்ளையின் தங்கச்சி மகன் வைத்திருந்த பொட்டுவெடி.
அதற்கும் பந்து கொடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது.
ஒவ்வொரு சோதனை முடிந்ததும்
மார்ப்பட்டையைக் கழற்றிக் காதருகே சொல்வேன்,
‘முடிஞ்சுது.’
மாலை போட்ட அன்று,
போட்டோ எடுக்கிற அவசரத்தில்
ஸ்டோர்க்காரர் பட்டையைக் கழற்றி வாங்கிப் போனார்.
நான் சொல்லவில்லை.

மகனின் பள்ளிப்பை வாரை அவிழ்த்தேன்.
டாங்கோவின் மார்பைச் சுற்றிக் கட்டினேன்.
நைட்டிமேல் காக்கிச்சட்டை மாட்டி
லைட்டை எல்லாம் போட்டேன்.
அறை அறையாய், மூலை மூலையாய்
அவசரமில்லாமல், முழுசாய் ஒரு சோதனை.
எங்கெங்கு உட்கார்ந்தானோ அங்கெல்லாம் நின்று பார்த்தேன்.
கடைசியில் குளியலறை.
சன்னல் இல்லாத ஒரே இடம்.
மண்டியிட்டு வாரை அவிழ்த்தேன்.
‘முடிஞ்சுது டாங்கோ. முடிஞ்சுது மக்கா.’

ஈரத்தரையில் சரிந்தான்.
தெருவில் பத்தாயிரவாலா ஓடி முடிகிற வரை
மூக்கு மட்டும் துடித்தது.
எழவில்லை.

எனக்கு ஆறு மணிக்கு டவுனில் பந்தோபஸ்து.
திரும்பி வரும்போது
சட்டையெல்லாம் மருந்து வாசம் அடிக்கும்.
ஜெபக்கனி வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டிருக்கிறேன்.
குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.